மரச் சட்டத்தில் படிந்த சோப்பு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் நான் கத்தியது உனக்குக் கேட்கவில்லை, எதிர்வீட்டுக்காரருக்குக் கேட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடி வந்துவிட்டார். ஆகவே இனி கடிதம்தான். குழப்பாமல் எழுத, முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன்:

1. விமானம் எந்த நிலையில் இருக்கிறது.
2. அதைக் குழு என்ன செய்யப் போகிறது. அதனால் எனக்கு வந்திருக்கும் கோபம்.
3. அதன் தரையில் உள்ள மரச் சட்டங்கள் காயம்பட்டவர்களை ஏற்றுவதற்கானவை என்பதற்கு என் காரணங்கள்.
4. உன்னிடம் ஒரு சிறு உதவி. ஒரு நிமிட வேலை.

முதலாவது. போர்க்காலத்தில் நீ செவிலியாகப் பறந்த அதே விமானம்தான் அது. வாலில் உள்ள எண்ணைச் சரிபார்த்தேன்; அப்புறமும் சந்தேகம் வந்து பூதக்கண்ணாடியோடு போனேன். பழைய ஓடுபாதை ஓரக் கொட்டகையில் இத்தனை வருடமாகப் புறாக்கள் அதில் குடியிருந்தன. எங்கள் ஊர்க் குழு ஒன்று அதைச் சுத்தம் செய்து மக்கள் பார்வைக்கு வைக்கப் போகிறது. வானிலை அலுவலகத்தில் இருந்தவன், எழுத்து வேலை தெரிந்தவன் என்று என்னைச் செயலாளராகப் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

இரண்டாவது. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. லிஃப்ட் கதவு திறந்தாலும் சல்யூட் அடிப்பார். அதனால் ஊரில் அவருக்கு அதுவே பெயர். அந்த விமானத்தில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை. ஆனாலும் அது குண்டு வீசிய விமானம் என்று சாதிக்கிறார். போட்ட குண்டுக்கு ஒன்று என்று மூக்குப் பக்கத்தில் வரிசையாகக் குண்டுப் படம் வரைய வேண்டுமாம். உள்ளே ஒரு பொத்தான் வைப்பாராம். அழுத்தினால் வெடிச்சத்தம் கேட்குமாம். காயம்பட்டவர்களைப் படுக்கவைத்த ஸ்ட்ரெச்சர் வார்கள் இன்னும் உள்ளே தொங்குகின்றன. அவை கந்தலாம், அவிழ்த்து எறிய வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தைக் கூட்டக் குறிப்பில் "செயலாளர் சற்று மாறுபட்ட கருத்தைத் தெரிவித்தார்" என்று எழுதிவிட்டு வந்தேன். வீட்டில் காபி டம்ளரை ஓங்கி வைத்தேன். "இதை அங்கே போய் வைக்கிறதுதானே!" என்றாள் உன் தம்பி மனைவி.

மூன்றாவது. தரையில் நீளவாக்கில் இரண்டு மரச் சட்டங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பக்கவாட்டுக் கதவு வரை போய் முடிகின்றன. குண்டை உருட்டத்தான் இவை என்கிறார் சல்யூட். அது சரக்கு விமானம்; அதற்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தம்? தவிரவும், அது வாலைத் தரையில் ஊன்றி நிற்பதால் உள்ளே தரை ஏற்றமாக இருக்கிறது. வெறும் கையோடு ஏறிய எனக்கே மூச்சு வாங்கியது. ஆகவே ஸ்ட்ரெச்சரைச் சட்டத்தின் மேல் வைத்துத் தள்ளித்தான் மேலே கொண்டுபோயிருக்க வேண்டும்.

நான்காவது. நீ அதற்குள் இருந்தவள். "சட்டங்கள் ஸ்ட்ரெச்சருக்கானவை, இந்த விமானம் குண்டு போட்டதில்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. சல்யூட் வாயை மூடிக்கொள்வார்.

மருமகனுக்கும் அவன் மனைவிக்கும் என் அன்பு. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி


ஜனவரி 28

தம்பிக்கு அக்கா எழுதறது.

முழங்கால் இருக்கு. இல்லாம எங்க போகும்? எழுதறப்போ ஒரு பாஷை, பேசறப்போ ஒரு பாஷை எனக்கு வராது. பேசற மாதிரியே எழுதறேன், சிவப்பு மை எடுக்காதே.

வரிசை போட்டு லெட்டர் எழுதறவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். அம்மாகிட்ட அடி வாங்கறப்பவே "முதல் காரணம், ரெண்டாவது காரணம்"னு சொல்லி இன்னும் ரெண்டு சேர்த்து வாங்கினவனாச்சே. மழை வருமாடான்னு கேட்டா "ஓரிரு இடங்களில் வரலாம்"னு சொல்லியே பென்ஷன் வரைக்கும் ஓட்டினவன், இன்னைக்குக் கோபம் வந்துச்சுன்னு எழுதறான். எங்க வந்துச்சு, ஓரிரு இடத்துலயா?

வாரைக் கந்தல்னு சொன்னானா அந்தச் சல்யூட்டு? அவனைப் படுக்கவச்சு அதுல தொங்கவிடணும். சுவத்துல கொக்கி, கூரையிலிருந்து வாரு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கு. மேல இருக்கறவன் ரத்தம் கீழ இருக்கறவன் மேல சொட்டும். வயித்துல அடிபட்டவன் தண்ணி கேட்டுக் கெஞ்சுவான், குடுக்கக் கூடாது. துணியை நனைச்சு உதட்டுல ஒத்துவோம். அவன் துணியைக் கடிச்சு இழுப்பான். விமானம் ஆடறப்போ அந்த வாரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்போம். எங்க கை பட்டுப் பட்டு வழுவழுன்னு ஆன வாரு அது. அதைக் கழட்ட விட்டேன்னா உன்கூடப் பேச மாட்டேன்.

உன் வீட்டுக்காரி முதுகு வலின்னு எழுதியிருந்தாளே, வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொல்லு. குடுக்கச் சொல்லுன்னா நீ குடுக்கணும்னு அர்த்தம். பனியில கழுத்துல துணி சுத்தாம கொட்டகைக்குப் போகாதே.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது, திருத்தவில்லை. ஒத்தடம் கொடுத்தேன்; வெந்நீர் சூடு போதாது என்றாள், பிறகு சூடு அதிகம் என்றாள். மற்றபடி நலம்.

வார்களைப் பற்றி நீ எழுதியதைக் குழுவில் வாசித்தேன். துணியைக் கடித்து இழுப்பான் என்ற வரியை இரண்டு முறை வாசித்தேன். பிறகு சல்யூட், "உருக்கமாத்தான் இருக்கு சார். ஆனா ஜனங்க இதைப் பார்க்கவா டிக்கெட் வாங்குவாங்க?" என்றார்.

அடுத்து பெயிண்டரைக் கூப்பிட்டார். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். என் கோபம் மிகையா என்று நீயே சொல்.

"எத்தனை குண்டு சார் வரையணும்?"

"ரெண்டு வரிசை போடு."

"ரெண்டுன்னா கீழ இடம் மொட்டையா நிக்கும் சார். மூணு போட்டா நிறைவா இருக்கும்."

"அப்ப மூணு."

நான் எழுந்துவிட்டேன். "எந்தக் கணக்குப்படி மூணு வரிசை?"

"கணக்கெல்லாம் இல்ல சார், அழகுக்குத்தான்" என்றார் பெயிண்டர், இதுகூடத் தெரியாதவனா என்ற இரக்கத்தோடு.

ஒரு குண்டு என்றால் கீழே ஒரு கூரை, அக்கா. அழகுக்காக ஒரு வரிசைக் கூரைகளைக் கூட்டிக்கொள்கிறார்கள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லாமலே நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்காகவும் என் மேல் கோபம்.

ஆனால் இப்போது என் பக்கம் வலுவான சான்று ஒன்று கிடைத்திருக்கிறது. மரச் சட்டங்களைச் சுத்தம் செய்தபோது, இடுக்குகளில் மெழுகுபோல வெளுத்து இறுகிய ஒன்று கதவு வரைக்கும் படிந்திருந்தது. ஈரத் துணியால் தேய்த்தேன். நுரைத்தது. ஐயம் தீர வேறு இடத்தில் தேய்த்தேன், அங்கும் நுரைத்தது. சோப்பு! சோப்பு இருந்தால் செவிலியர் இருந்திருக்கிறார்கள், காயங்களைக் கழுவியிருக்கிறார்கள், கழுவிய நீர் வழிந்து இடுக்கில் தங்கியிருக்கிறது. "குண்டு போடுகிறவனுக்கு எதற்குச் சோப்பு?" என்று குழுவில் கேட்டேன். குழுவில் இருக்கும் மருந்துக் கடைக்காரர் தலையாட்டினார். ஒரு கூட்டத்தில் என் பேச்சுக்கு ஒருவர் தலையாட்டியது இதுவே முதல் முறை என்று நினைக்கிறேன். என் நினைவு தவறாகவும் இருக்கலாம்.

நான் கேட்ட ஒரு வரியை நீ எழுத மறந்துவிட்டாய். சோப்பையும் சேர்த்து இரண்டு வரியாக எழுதிவிடு. உனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கண் டாக்டரிடம் போனாயா?

உன் தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கிட்டு இருக்கேன், அதான் தாமதம். பேத்திக்குப் பரீட்சை. சமையலறைக் குழாய் ஒழுகுது, பிளம்பர் வர்றேன் வர்றேன்னு சொல்லியே மாசத்தை ஓட்டிட்டான்.

விமானம்ங்கறது ஒரு தகரம். இத்தனை வருஷம் புறா எச்சத்துல கிடந்துச்சு, யாருக்கு என்ன குறைஞ்சு போச்சு? பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிப் போட்டுட்டு அந்த இடத்துல நாலு மரம் நடச் சொல்லு. நீ குழுவை விட்டு வெளிய வந்துடு. உனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு. வயசான காலத்துல சோப்பை நுரைக்க வச்சுக்கிட்டுத் திரியாதே.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

கண் குணமாகட்டும். ரத்தக் கொதிப்பு இருக்கிறது, ஏறியும் இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

திங்களன்று நான் பல் டாக்டரிடம் போன நேரம் பார்த்து வார்களை அவிழ்த்துவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் கொட்டகைக்குப் பின்னால் காலி பெயிண்ட் டப்பாக்களோடு குப்பையாகக் கிடந்தன. அவற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவழியே நடந்தே வந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். பாதி வாய் மரத்திருந்ததால் யாருக்கும் பதில் சொல்ல முடியவில்லை. "இதை எங்க வைக்கப் போறீங்க?" என்றாள் உன் தம்பி மனைவி. என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் கூட்டத்தில் முதன்முறையாகக் குரல் உயர்த்தினேன். உயர்ந்த குரல் கீச்சென்று வந்தது; ஆனாலும் உயர்ந்தது. "இந்த விமானம் ஒரு குண்டுகூடப் போட்டதில்லை. இதில் பறந்தவள் என் அக்கா. அவள் கையெழுத்தோடு சாட்சி வருகிறது" என்று சொல்லிவிட்டேன். தகவல் பலகைக்கு வாசகமும் எழுதிவிட்டேன்: "உயிரை எடுக்காமல், உயிரைக் காக்க மட்டுமே பறந்த விமானம்." கீழே உன் பெயர் வரும்.

உன்னைக் கேட்காமல் சொன்னது தவறாக இருக்கலாம். ஆனால் நான் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்? ஜனவரியிலிருந்து கேட்கிறேன். ஒரு வரி, அக்கா. ஒரு நிமிடம். நீயோ ஒழுகும் குழாயைப் பற்றி எழுதுகிறாய். உன் உழைப்பைக் குப்பையில் போடுகிறவர்களோடு நான் மல்லுக்கட்டுகிறேன். நீ இரும்புக்காரனுக்குப் போடு என்கிறாய். சல்யூட்டின் மேல் வந்ததைவிட உன் மேல்தான் இப்போது எனக்கு அதிகக் கோபம். இந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

உன் தம்பி


ஏப்ரல் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நான் உங்கள் அக்காவின் மருமகள் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்குக் கண் தேவலை.

உங்கள் கடிதத்தை அத்தை படித்தார்கள். படித்துவிட்டு மடித்துப் போய் அரிசி டப்பாவின் மேல் வைத்தார்கள். அன்றிலிருந்து உங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்கள். ஒருநாள் நான் விடாமல், "மாமா உங்களைப் பெருமையாத்தானே அத்தை எழுதியிருக்காரு?" என்று கேட்டேன். "பெருமையா? எனக்கு மாலை போட்டு, படமாக்கி, சுவத்துல ஆணி அடிச்சுட்டான். நான் இன்னும் சாகலைன்னு அவனுக்கு எழுது" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

கை கழுவப் போனால் வெகுநேரம் கழுவிக்கொண்டே நிற்கிறார்கள். முன்பும் அப்படித்தான், இப்போது அதிகம். விமானத்தைப் பற்றி இனிமேல் கேட்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சித்திக்கு, தப்பு, மாமிக்கு என் வணக்கம். பதற்றத்தில் உறவே மாறுகிறது.

மருமகள்


ஏப்ரல் 20

தம்பிக்கு,

உடம்பு நல்லா இருக்கு. கோபமா இருக்கேன், அதனால ஒரே மூச்சுல எழுதறேன்.

காயம்பட்டவனை யாராவது மரச் சட்டத்துல வச்சுத் தள்ளுவாங்களாடா? எலும்பு வெளிய துருத்திக்கிட்டு இருக்கறவனை, பீரோ மாதிரி? ஆளுங்க தூக்குவாங்க. ஏத்தமா இருந்தா முட்டி போட்டு ஏறுவாங்க. நீ யோசிச்சது நல்லாத்தான் இருக்கு. நடந்தது அது இல்லை.

அந்தச் சட்டம் குண்டுக்குத்தான். சல்யூட்டு சொன்னது சரி.

சரக்கு விமானம்தான் அது. குண்டு போடற விமானம் பத்தலைன்னு கொஞ்ச நாள் அதையும் இழுத்துவிட்டாங்க. கதவைக் கழட்டிடுவாங்க. வாசல்கிட்ட ரெண்டு சிப்பாய் உட்கார்ந்து காலால உதைச்சு வெளிய தள்ளுவாங்க. அப்புறம் போர்முனைகிட்ட போய் இறங்கி, காயம்பட்டவங்களை ஏத்திக்கிட்டுத் திரும்புவோம். போறப்போ அது, வர்றப்போ இது. ஒரே தரை, ஒரே கதவு. செவிலிங்களுக்குன்னு தனியா விமானம் விடுவாங்களா? நாங்களும் உள்ளதான் இருப்போம், மருந்துப் பெட்டி மேல உட்கார்ந்துக்கிட்டு. "அந்தப் பக்கம் பார்க்காதீங்கம்மா"ன்னு சொல்லுவாங்க. கதவே இல்லாத இடத்துல எந்தப் பக்கம் பார்க்கறது?

இப்போ உன் சோப்புக்கு வர்றேன். மரத்துல குண்டு இறுகிக்கும், நகராது. கிரீஸ் தடவினா தள்ளறவன் கால் வழுக்குது. சோப்பைத் தேய்ச்சா வழவழன்னு போகுதுன்னு ஒரு புத்திசாலி கண்டுபிடிச்சான். யார் சோப்பு? எங்க சோப்பு. காயம் கழுவவும் கை கழுவவும் வச்சிருந்த சோப்பு. பெட்டியைத் திறந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. திரும்பி வர்றப்போ எங்களுக்குக் கை கழுவ ஒண்ணும் இருக்காது. ஒருத்தன் புண்ணைத் தொட்ட கையோட அடுத்தவன் புண்ணைத் தொட்டோம். சீழ் பிடிச்சுச்சு. அப்படிச் செத்தவனையும் எதிரி கொன்னதாக் கணக்கு எழுதிக்கிட்டாங்க.

மேலதிகாரிகிட்ட போய்ச் சண்டை போட்டேன். எதுக்குன்னு நல்லாக் கவனிச்சுப் படி. குண்டு போடாதீங்கன்னு இல்லை. சோப்பை எடுக்காதீங்கன்னு. "போர் நடத்தறோம்மா, குளியலறை நடத்தலை"ன்னு சொன்னான். பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. நீ போன்ல கத்தறது கேட்க மாட்டேங்குது, அந்தச் சிரிப்பு மட்டும் கேட்குது.

கதவுகிட்ட ஆள் குறைஞ்ச நாளும் உண்டு. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத மாட்டேன். நீ கேட்கவும் கூடாது.

இத்தனை வருஷத்துல ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. கேட்ட நீயும் பதிலை நீயே எழுதி வச்சுட்டுக் கையெழுத்தை மட்டும் கேட்டே. சல்யூட்டு அவனுக்குப் பிடிச்சதை விமானத்து மேல வரையறான். நீ உனக்குப் பிடிச்சதை என் மேல வரையறே. என்னடா வித்தியாசம்? அவன்கிட்ட பெயிண்டர் இருக்கான், அவ்வளவுதான்.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

கடிதம் கிடைத்தது. வரிசை போடத் தோன்றவில்லை.

படித்துவிட்டு உன் தம்பி மனைவியிடம் கொடுத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படித்தாள். "சோப்பை எடுத்தவன் எவன்? அவனைப் பத்தி ஒரு பலகை வைக்கணும்" என்றாள். பிறகு, "அக்காகிட்ட இப்படியா எழுதுவீங்க?" என்று என் மார்ச் மாதக் கடிதத்தின் நகலைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு, அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. நகல் வைத்துக்கொள்ளும் பழக்கம் நல்லதல்ல என்று தோன்றுகிறது.

நீ கேட்காதே என்றதைக் கேட்க மாட்டேன்.

எனக்கு ஒரு சங்கடம். மே மாதக் கூட்டத்தில் உன் சாட்சி வரும் என்று சொல்லியிருக்கிறேன். பேசாமல் விலகினாலும் சல்யூட் ஜெயிப்பார். உண்மையைச் சொன்னாலும் சல்யூட்தான் ஜெயிப்பார். குண்டுப் படம், பொத்தான் எல்லாம் வந்துவிடும். பொய் சொல்ல எனக்கு வராது. இத்தனை நாள் அறியாமல் சொன்னது போதும். சொல்லட்டுமா வேண்டாமா என்பது உன் முடிவு. வேண்டாம் என்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பேன்.

முழங்கால் வலி குறைந்ததா?

உன் தம்பி


மே 8

தம்பிக்கு,

முழங்கால் பரவாயில்லை. குழாயையும் சரி பண்ணிட்டான்.

ராஜினாமாவாம்! வார் எல்லாம் உன் கட்டிலுக்கு அடியில கிடக்கு, நீ அதுமேல படுத்துத் தூங்கப் போறியா? போய்ச் சொல்லு. நீ வரிசை போடலைன்னா நான் போடறேன்.

ஒண்ணு, என் பேரும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். எங்கிட்ட போட்டோவே இல்லைன்னு சொல்லு.

ரெண்டு, வாரை இருந்த இடத்துல மாட்டணும்.

மூணு, குண்டு படம் கூடாது. எத்தனை போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. கீழ என்ன இருந்துச்சுன்னும் தெரியாது. தெரியாததை அழகுக்கு வரைய அது என்ன கோலமா?

நாலு, சட்டம் எதுக்குன்னு உள்ளதை எழுதணும். சோப்பையும் எழுதணும். குண்டை மட்டும் சொன்னா அவங்களுக்கு வீரம் வந்துடும். வாரை மட்டும் சொன்னா உனக்குப் புண்ணியம் வந்துடும். ரெண்டையும் ஒரே பலகையில எழுது. படிக்கறவன் ரெண்டையும் சேர்த்துச் சுமக்கட்டும். நாங்க சுமந்தோம் இல்ல?

கூட்டத்துல உட்கார்ந்துக்கிட்டே பேசாதே. எழுந்து நின்னா உனக்குத் திரும்ப உட்கார வெட்கமா இருக்கும், அதனாலயாவது பேசி முடிப்பே.

அக்கா


மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். என் ரத்தக் கொதிப்பைப் பற்றிக் கேட்காதே, நானும் பார்த்துக்கொள்ளவில்லை.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். "சட்டங்களைப் பற்றி நான் சொன்னது தவறு. அவை குண்டுக்குத்தான்" என்றேன். முடிக்கவே இல்லை, சல்யூட் மேசையைத் தட்டி, "அப்படி வாங்க!" என்று துள்ளி எழுந்து எனக்கே ஒரு சல்யூட் அடித்தார். "பெயிண்டரைக் கூப்பிடுங்கப்பா!"

"நான் இன்னும் முடிக்கவில்லை" என்றேன். சோப்பைச் சொன்னேன். யாருடைய சோப்பு, எதற்காக வைத்தது, எங்கே போனது, திரும்பி வரும்போது செவிலியரான உங்கள் கைகளில் என்ன இருந்தது, எல்லாவற்றையும். அந்த அதிகாரி சொன்னதையும் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்ததையும் சொன்னேன். இங்கே யாரும் சிரிக்கவில்லை. மருந்துக் கடைக்காரர் தன் இரண்டு கைகளையும் மேசையின் மேலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்தப் பொத்தான் வேணாம் சார். நல்லா இருக்காது" என்றார். வேறு யாரும் அதற்கு எதிராகப் பேசாததால் பொத்தான் போயிற்று.

சல்யூட் மட்டும் விடவில்லை. "போர்னா சில்லறைச் சங்கடம் இருக்கத்தான் செய்யும். அதை விடுங்க. உங்க அக்காவைத் திறப்பு விழாவுக்குக் கூட்டிட்டு வாங்க. மேடையில ஏத்துவோம். குண்டு தள்ளின பெண்மணி! பேப்பர்ல முதல் பக்கம் வரும்."

"அவள் தள்ளினாள் என்று நான் சொல்லவே இல்லையே."

"சொல்லாட்டி என்ன சார்? கேட்க நல்லா இருக்கும்ல."

அக்கா, எனக்குக் கோபம் எப்படி வரும் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. "உங்களுக்கு நல்லா இருக்கிறதுக்காக என் அக்கா அந்த விமானத்துல போகலை!" என்றேன். கீச்சென்று வரவில்லை. வெளியே நின்ற காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். எச்சில் தெறித்து முன்னால் இருந்த காகிதத்தில் விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு, உன் நிபந்தனைகளைப் படித்தேன்.

வார்களை மாட்டச் சம்மதித்தார்கள். நானே மாட்டினேன், கொக்கிகளில் எண்ணெய் விட வேண்டியிருந்தது. பலகை வாசகத்துக்கு இழுபறி நடந்தது. "சோப்பு" என்ற சொல் கௌரவமாக இல்லை, "மருத்துவப் பொருள்" என்று போடலாம் என்றார் ஒருவர். மருந்துக் கடைக்காரர் அவரைப் பார்த்து, "நீங்க கடைக்கு வந்து மருத்துவப் பொருள் ஒண்ணு குடுன்னா நான் என்னத்தைக் குடுப்பேன்?" என்று கேட்டதில் சோப்பு தப்பியது. நான் எழுதியிருந்த பழைய வாசகத்தைக் கிழித்துவிட்டேன். புதியது இவ்வளவுதான்: "இந்தக் கதவு வழியாகக் குண்டுகள் வெளியே தள்ளப்பட்டன. இதே கதவு வழியாகக் காயம்பட்டவர்கள் உள்ளே வந்தார்கள். அவர்களைக் கழுவ வைத்திருந்த சோப்பு குண்டுகளை நகர்த்தப் பயன்பட்டது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது தெரியாது."

குண்டுப் படத்தில்தான் தோற்றேன். ஓட்டுக்கு விட்டார்கள். மூன்று வரிசை வேண்டாம், ஒரு வரிசை போதும் என்று எனக்குச் சலுகை காட்டுவதுபோலத் தீர்மானம் போட்டார்கள். இன்று காலை பெயிண்டர் ஏணியோடு வந்தார். நான் முன்னதாகவே போய் விமானத்தின் மூக்குக்குக் கீழே நின்றிருந்தேன். ஏணியைச் சாத்தினார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"பரவாயில்ல சார், விழ மாட்டேன்."

"விழாம இருக்கப் பிடிக்கலை. ஏறாம இருக்கப் பிடிக்கிறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், எனக்கு மத்தியானம் வேற வேலை இருக்கு."

"எனக்கு இல்லை" என்றேன்.

சல்யூட் வந்தார். தீர்மானம் என்றார், ஒழுங்கு என்றார், செயலாளரே இப்படியா என்றார். நான் ஏணியை விடவில்லை. வெயில் ஏறியது. பெயிண்டர் நிழலில் போய் உட்கார்ந்து, தன் பாட்டிலிலிருந்து எனக்கும் தண்ணீர் கொடுத்தார். கடைசியில் சல்யூட், "சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று போய்விட்டார். நாளைக்கும் போவேன். உன் தம்பி மனைவியும் வருகிறேன் என்கிறாள். முதுகு வலிக்கு நிற்கக் கூடாது என்றால் நாற்காலி கொண்டுவருவாளாம். எத்தனை நாள் தாக்குப்பிடிப்போம் என்று தெரியவில்லை. முன்னறிவிப்பு எதுவும் சொல்லப் போவதில்லை.

கண்ணையும் காலையும் பார்த்துக்கொள். மருமகளுக்கு, நான் எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்.

இன்னும் ஒன்று. ஜனவரியில் நான் போட்ட வரிசையில் மூன்றாவது தவறு என்று கூட்டக் குறிப்பிலேயே எழுதிவிட்டேன். நான்காவதைக் குறிப்பில் எழுத முடியாது. உன்னிடம்தான் சொல்ல வேண்டும். சிறு உதவி, ஒரு நிமிட வேலை என்று எழுதியிருந்தேன். அது தவறு, அக்கா.

உன் தம்பி